ரோமாபுரி வீட்டுக்காரர்

ஒருவரை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் விடலாம் என்பதை அவர் பார்த்த மாத்திரத்திலேயே முடிவு செய்துவிடுவார். முதலில் காலைப் பார்ப்பார். செருப்பா, கால் மூடிய சப்பாத்தா, சப்பாத்து என்றால் சேறு ஒட்டியிருக்கிறதா. அப்புறம் கை. முகத்துக்கு வருவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். சிலர் கேட் வரை. சிலர் முன்கூடம் வரை. வேண்டியவர்கள் பின்பக்கத் தோட்டம் வரை. ரொம்ப வேண்டியவர்கள் சாப்பாட்டு அறை வரை. அந்த வீட்டில் எல்லாச் சுவருக்கும் சாயம் பூசியவள் நான். வேலை முடிந்ததும் எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் முன்கூடம்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் டத்தோ என்றார்கள். சுல்தான் தரும் அந்தப் பட்டம் வருவதற்கு முன்பே அப்படிக் கூப்பிடச் சொல்லிப் பழக்கியிருந்தார், அதனால் பட்டம் வந்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான் சுவரில் படம் வரைகிறவள். பாலர் பள்ளி, முடிதிருத்தும் கடை, பழைய ஈப்போவில் சுற்றுப்பயணிகள் நின்று போட்டோ பிடிக்கும் சந்துகள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். அப்படி ஒரு சந்தில் ஏணி மேல் இருந்தபோதுதான் கீழே வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தமிழா?" என்றார்.

"ஆமா சார்."

"என் வீட்டுக்கு வா. இதவிடப் பெரிய சுவரு இருக்கு."

சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். சாயம் சொட்டிச் சொட்டி நிறமே தெரியாத ஜப்பான் சிலிப்பர். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீடு ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங், பத்து காஜா என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருந்தது. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். மேட்டின் மேல் துரை பங்களா நின்ற அதே இடத்தில், பங்களாவை இடித்துவிட்டு இவர் கட்டிக்கொண்டிருந்தார். மேட்டுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகள் இன்னும் இருந்தன. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள். தோட்டம் கைமாறியபோது மாற்று வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். அது வரவில்லை. ஆண்கள் ஈப்போவில் காவலாளி வேலைக்கும் லோரி ஓட்டவும் போனார்கள், பெண்கள் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார்கள், சாயங்காலம் அதே லயத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

கார் முகப்பில் வீட்டு வரைபடத்தை விரித்து எனக்கு அறை அறையாக விளக்கினார். குடும்பத்தோடு இத்தாலிக்குச் சுற்றுலா போனபோது, எரிமலைச் சாம்பலில் புதைந்து பிற்பாடு தோண்டியெடுத்த ரோமாபுரிக் காலத்து ஊரைப் பார்த்திருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் வெயில் தாங்காமல் பஸ்ஸுக்குப் போய்விட, இவர் மட்டும் ஒரு வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாராம்.

"பாரு, இது வாசல். ஒடுக்கமா இருக்கும். உள்ள வந்தா பெரிய கூடம். நடுவுல கூரை கெடையாது, ஆகாசம். அதுக்கு நேர் கீழ தொட்டி, மழத் தண்ணி அதுல விழும். தொட்டிக்கு அந்தப் பக்கம் என் ரூமு. அதுக்கு முன்சுவரு கெடையாது, திரைதான். வாசல்ல கால் வெச்சவன் நேரா என்னத்தான் பாப்பான். எனக்குப் பின்னால தோட்டம், தூணு, பூச்செடி எல்லாம் தெரியும். தெரியும், ஆனா வர முடியாது."

கடைசி வார்த்தைகளை, வாயில் நல்ல பலாச்சுளை இருப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

சுவர்களுக்கும் அதே கணக்கு. அடியில் கறுப்பு, நடுவில் சிவப்பும் காவி மஞ்சளுமாகக் கட்டங்கள், மேலே வெள்ளையில் மெல்லிய கொடி வேலை. இல்லாத தூண்கள், இல்லாத ஜன்னல்கள், ஜன்னலுக்கு வெளியே இல்லாத தோட்டம். முன்கூடத்தில் வேலை பெருவெட்டாக இருக்கலாம். உள்ளே போகப் போக நுணுக்கமாக வேண்டும். "சுவரப் பாத்தே அவனுக்குப் புரியணும், எவ்ளோ உள்ள வந்திருக்கோம்னு." தோட்டத்துச் சுவரில் என்ன மரம் வேண்டுமானாலும் வரையலாம், ரப்பர் மரம் மட்டும் கூடாது. சமையற்கட்டுக்கும் வேலையாட்கள் நடமாடும் நடைக்கும் படமே கிடையாது, வெள்ளைச் சுவரில் சாய்வாகக் கறுப்புக் கோடுகள். காரணம் கேட்டேன்.

"வேலக்காரங்க போற எடத்துல படம் இருந்தா நின்னு பாப்பாங்க. கோடு போட்டா நடந்துகிட்டே இருப்பாங்க. அந்தக் காலத்துலயே அப்படித்தான் போட்டிருக்கான்" என்று அந்த ஊரைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதில் அப்படித்தான் இருந்தது.

அவர் கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சிரித்த முகம், சலவை வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் வெள்ளியில் ஒரு பல் குத்தும் குச்சி வைத்திருப்பார். எந்நேரமும் பல்லைக் குத்திக்கொண்டே என் வேலையைப் பார்வையிட வருவார். பல்லிடுக்கிலிருந்து எடுத்ததைச் சுவரில் நான் வரைந்திருந்த தூணில் தேய்த்துவிட்டுப் போவார். சாயம் காய்ந்ததா என்றுகூடப் பார்ப்பதில்லை. அவர் சுவர், அவர் பல். நான் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி தூணைச் சரி செய்வேன்.

வேலை பாதி முடிவதற்குள்ளேயே குடி வந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் கோலாலம்பூரிலேயே இருந்துகொண்டார்கள். வீட்டு வேலைக்குக் கீழ் லயத்திலிருந்து அஞ்சலை அக்கா வந்தார். அறுபதை ஒட்டிய வயது, புருஷன் இல்லை, ரப்பர் பால் வெட்டிய கை. இனிப்பு நீர் வியாதியால் கண் மங்கிக்கொண்டிருந்தது. எதிரே வருகிற ஆளை நடையை வைத்துத்தான் கண்டுகொள்வார். கூரையில்லாத அந்த முன்கூடத்தை ஏட்ரியம் என்றே சொல்ல வேண்டும் என்று டத்தோ எல்லாரையும் பழக்கினார். அக்கா வாயில் அது ஆத்திரம் ஆகிவிட்டது. "டத்தோ, ஆத்திரத்துல ஆளுங்க நிக்கிறாங்க" என்று வந்து சொல்வார். அவர் திருத்துவார். மறுநாளும் ஆத்திரம்தான். வேண்டுமென்றே சொல்கிறாரா என்று நான் அக்கா முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

ஆத்திரத்தில் நின்றவர்கள் லயத்து ஆட்கள். காலை வேளைகளில் வருவார்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. தோட்டத்தை வாங்கிய நில நிறுவனத்தோடு தான் பேசுவதாகவும், யாரும் பதில் எழுதவோ கோர்ட்டுக்குப் போகவோ வேண்டாம் என்றும் டத்தோ சொல்லியிருந்தார். "போனீங்கன்னா பேச்சு நின்னுடும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். முன்னால் நிற்பவர் மாரிமுத்து அண்ணன். இரவெல்லாம் பேரங்காடியில் காவல் வேலை பார்த்துவிட்டு, அதே நீலச் சட்டையோடு நேராக அங்கே வருவார். கூடத்தில் உட்கார ஒரு பலகை கிடையாது. தொட்டி விளிம்பில் குந்தினால் கேட்டில் இருக்கும் ஆள் வந்து எழுப்புவான்.

அந்த நேரத்தில் டத்தோவுக்கு வேலை இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்துச் சின்ன அறைக்குச் சாயம் பூசப் போனபோது பார்த்தேன். அரைவேக்காட்டு முட்டையைக் கரண்டியால் உறிஞ்சிக்கொண்டு, கேமராத் திரையில் அவர்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கரு தாடையில் வழிந்தது. என்னை வரச் சொல்லிக் காட்டினார்.

"பாரு, மாரிமுத்து கால் மாத்துறான். இன்னும் கொஞ்சம் நிக்கட்டும். நெறயப் பேசணும்னு வர்றவன் நிக்க நிக்க எல்லாத்தயும் மறந்துட்டு ஒரு வரியில முடிச்சுக்குவான்."

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு போய் உட்காருவார், திரை விலகும். "மாரிமுத்து, மகளுக்கு டயாலிசிஸ் ஒழுங்கா நடக்குதா? சரசு, பையன் பாரம் ஆறு பரீட்ச எழுதிட்டானா?" அத்தனை பேர் வீட்டு விஷயமும் அவருக்கு மனப்பாடம். இவ்வளவு நேரம் கால் கடுக்க நின்றவர்கள் முகம் அப்படியே இளகிவிடும். தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையெடுத்துக் கும்பிடுவார்கள். பின்னால் தோட்டத்தில் என் படச் சுவரும் பூச்செடிகளும் தெரியும். "பேசிகிட்டு இருக்கேன். அடுத்த வாரம் வாங்க." திரை மூடிவிடும்.

அவர் அப்பா இதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். துரைக்குக் கணக்குக் காட்ட மேட்டுக்கு வந்தால் படிக்குக் கீழேயே நின்று காட்ட வேண்டுமாம், மழை பெய்தாலும். இதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். அப்போது முன்கூடத்தில் மாரிமுத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார், தொட்டிக்கு மேலே திறந்த கூரை வழியாகத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

மழையை அவர் யோசித்திருக்கவில்லை. இத்தாலியில் எப்படியோ, ஈப்போ பக்கம் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் கொட்டித் தீர்த்துவிடும். தொட்டி நிரம்பிக் கூடத்தில் தண்ணீர் ஓடும். நின்ற தண்ணீர் பச்சையாகிக் கொழகொழத்தது. தவளை குடியேறியது. கொசுப்புழு நெளிந்தது. அஞ்சலை அக்கா காலையில் முதல் வேலையாகச் சல்லடை வலையால் அரித்து அரித்து ஊற்றுவார். ஈரம் சுவரில் ஏறி, சிவப்புக் கட்டங்களின் மூலையிலிருந்து கறுப்பாகப் பூஞ்சை படர ஆரம்பித்தது. வீடு முழுக்க ஊறிப்போன சாக்கு நாற்றம். வருகிறவர்கள் மூக்கைச் சுருக்கினால், "லயத்து ஆளுங்க வந்துட்டுப் போறாங்கல்ல, அந்த வாட" என்பார்.

கடைசியாகச் சாப்பாட்டு அறை. நாற்காலி மேசை கிடையாது. மூன்று பக்கமும் சாய்வான மேடை கட்டி மெத்தை போட்டிருந்தார், விருந்தாளிகள் இடது முழங்கையை ஊன்றிப் படுத்தபடி சாப்பிட. தரைக்குத்தான் எனக்கு வேலை. புத்தகத்தில் ஒரு படம் காட்டினார். சாப்பிட்டவர்கள் கீழே எறிந்த மிச்சங்களை, கூட்டாத தரைபோலவே சித்திரமாகச் செய்திருந்தார்கள். மீன் முள், நத்தை ஓடு, கோழிக் கால், பழத்தோல். "இதே மாதிரி, நம்ம ஊரு சாப்பாட்ட வரஞ்சு குடு. பாக்கிறவன் ஏமாறணும்."

நான் ஈப்போவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எச்சில் வாளியிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிப் பையில் கட்டி எடுத்து வந்தேன். கடைக்கார அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நண்டு ஓடு, இறால் தலை, ஆட்டெலும்பு, முருங்கைச் சக்கை, ரம்புத்தான் தோல். சிமெண்டுத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் நிழலையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். சீக்கிரமே நாற ஆரம்பித்தது, எறும்பு மொய்த்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வரைந்தேன். மேலே கண்ணாடிபோல மெருகெண்ணெய் பூசினேன். என் கைவேலையில் அதுதான் முதல் தரம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் விருந்து. என்னையும் வரச் சொல்லியிருந்தார். புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கேட் ஆள் என்னை முன்கூடத்தில் நிறுத்திவிட்டான். "இங்கயே இருக்கச் சொன்னாரு அக்கா." பிறகு டத்தோ ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அறை வாசலில் நிற்க வைத்து, "இவதான் வரஞ்சா" என்று காட்டினார். மேடைகளில் தொப்பையை ஒருக்களித்துப் படுத்திருந்த ஆண்கள், தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் தாடியில் மீன்குழம்பு ஒழுகியிருந்தது. படுத்துக்கொண்டு மீன் தலைக் கறி சாப்பிட யாருக்கும் தெரியவில்லை.

"அஞ்சல" என்று டத்தோ கூப்பிட்டார். "கீழ எல்லாம் சிந்திக் கெடக்கு பாரு. கூட்டும்மா."

சாயம் காய்வதற்காக அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். அக்கா அதுவரை உள்ளே வந்ததில்லை. துடைப்பத்தோடு வந்து கூட்டினார். துடைப்பம் போய்ப் போய் வந்தது, நண்டு ஓடு அங்கேயே இருந்தது. யாரோ கிளுக்கென்று சிரித்தார். அக்கா குனிந்து கையால் பொறுக்கப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். சிரிப்பு பெரிதானது. ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார். சிரிக்காத ஒன்றிரண்டு பேர் இலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

டத்தோ தான் கடித்துத் துப்பிய ஆட்டெலும்பைத் தரையில் போட்டார். "அஞ்சல, அது ஒண்ணுதான் நெசம். அத மட்டும் எடு பாப்போம்."

அக்கா மண்டியிட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போனார். வரைந்த எலும்பு, வரைந்த தோல், வரைந்த முள். கடைசியில் எச்சில் எலும்பு கையில் தட்டியது. எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கை தட்டினார்கள். அக்காவும் லேசாகச் சிரித்தார்.

நான் வெளியே வந்து டத்தோ கை கழுவ வரும்வரை நின்றேன். "ஏன் டத்தோ அப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

"வெளயாட்டுலா. அவளே சிரிச்சா, நீ பாக்கல?" என்றார். குச்சியை எடுத்துப் பல்லைக் குத்த ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அங்கே போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் முன்கூடத்துப் பூஞ்சை மேலே ஏறிவிட்டது, சுரண்டி மறுபடி பூச வேண்டும் என்று கூப்பிட்டார். அக்கா எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாமே என்று போனேன். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அந்த எலும்பு விளையாட்டு நடப்பதாகக் கேட் ஆள் சொன்னான். சிலர் அதைப் பார்ப்பதற்காகவே வருகிறார்களாம்.

ஒருநாள் தோட்டத்துச் சுவரில் ஏணி போட்டு நின்றிருந்தேன். டத்தோவும், நில வியாபாரத்தில் அவருக்குக் கூட்டாளியான கோலாலம்பூர்க் கட்டடக் குத்தகைக்காரர் ஒருவரும் தூண்களுக்கு நடுவே நடந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். பார்த்தும் நிறுத்தவில்லை. சுவரோடு சுவராக என்னை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கீழ இருக்குறவங்க கேஸ் கீஸ் போட்டா இழுக்குமே டத்தோ" என்றார் கூட்டாளி.

"போட மாட்டாங்க. காலைல வந்து நிக்கிறாங்கல்ல? நிக்கிற வரைக்கும் ஒருத்தனும் கோர்ட்டுக்குப் போக மாட்டான். அடுத்த மாசத்தோட கேஸ் போடுற கெடு முடியுது. அப்புறம் வந்தாலும் ஒண்ணும் ஆவாது, மெஷின எறக்கிடலாம்."

"நீங்க அவங்க கிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?"

"அடுத்த வாரம் வாங்கன்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த தூரிகையிலிருந்து மஞ்சள் சாயம் முழங்கை வரை வழிந்துவிட்டது. இந்தத் திறந்த கூரையும் தொட்டியும் திரையும் அவருடைய பவிசுக்காக என்று நினைத்திருந்தேன். அந்த ஆட்களை அங்கேயே பிடித்து வைத்து நாளைக் கடத்தத்தான் அத்தனையும் உதவிக்கொண்டிருந்தது.

அக்காவைத் தேடிப் போனேன். கோடு போட்ட நடையில், வாளியோடு வந்துகொண்டிருந்தார். நிறுத்தி, கேட்டதையெல்லாம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகந்தான்" என்றார்.

"இனிமேயும் அந்த எலும்பப் பொறுக்கப் போறீங்களாக்கா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ வரஞ்சதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்மா. கண்ணுக்குத் தெரியலன்னா காலுக்குமா தெரியாது? உள்ள கால் வெச்சதும் வழுவழுன்னு இருந்துச்சு. ஒரு முள்ளு குத்தல. எலும்பு விழுந்த சத்தமும் எனக்குக் கேட்டுச்சு, எந்த மூலைன்னு."

"பின்ன ஏன் தடவித் தடவி..."

"அவருக்கு அது வேண்டியிருந்துச்சு. நான் நேராப் போயி எடுத்துட்டா சிரிப்பு வருமா? மொதல்ல ஒனக்குத்தான் வீடு, பேசி வெச்சிருக்கேன்னு சொல்லித்தான் என்ன வேலைக்குக் கூப்பிட்டாரு. சரி, இதக் குடுத்தா அதக் குடுப்பாருன்னு நெனச்சேன். வாராவாரம் குடுத்தேன்."

நான் வரைந்த தரைமேல் அவர் முழங்கால் தேயத் தேய நகர்ந்தது கண்முன் வந்தது. சிரித்தவர்கள் எல்லாருமே, ஏமாற்றப்பட்டது தாங்கள்தான் என்று அறியாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"மாரிமுத்துவ எழுப்புறேன். தூங்கிகிட்டு இருப்பான். இப்பவே சொல்லணும்" என்றார் அக்கா. வாளியை அங்கேயே விட்டுவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே போய், மேட்டை விட்டு இறங்கினார். அதன்பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு வக்கீலம்மா வழக்கை எடுத்தார், கெடு முடிவதற்குள் போட்டும்விட்டார். வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் எல்லாக் குடும்பத்துக்கும் வரிசை வீடு கிடைத்தது, சின்ன வீடுகள்தான். மாரிமுத்து அண்ணனின் மகள் அதைப் பார்க்க இல்லை, அதற்கு முந்திய வருஷமே போய்விட்டாள். அஞ்சலை அக்கா ஒரு கண்ணில் அறுவை செய்துகொண்டு, இப்போது என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு கூப்பிடுகிறார். டத்தோ வீட்டை விற்றுவிட்டுக் கோலாலம்பூர் போனார். வாங்கினவர் கூரையை அடைத்து, தொட்டியை மூடி, சுவருக்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டார்.

ஆனால் டத்தோவை நினைத்தால் எனக்கு வருவது விருந்தும் எலும்பும் அல்ல, அக்கா போன மறுநாள் காலை.

நான் முன்கூடத்தில் ஏணி மேல் நின்று ஈரத்துணியால் பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லயத்து ஆட்கள் வரும் நேரம் தாண்டிவிட்டது. யாரும் வரவில்லை. திரை விலகியது. வெள்ளைச் சட்டையில் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாரிமுத்து அண்ணே, வணக்கம். நாந்தான்." அவரை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வணக்கம் டத்தோ."

"என்னண்ணே, யாரையும் காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"இல்ல டத்தோ. எல்லாரும் நல்லா இருக்கோம்."

"அப்ப வாங்களேன். காப்பி போடச் சொல்றேன். உள்ள வந்து உக்காந்தே பேசலாம்."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது. மாரிமுத்து அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "இன்னிக்கு முடியாது டத்தோ. ஈப்போவுல ஒருத்தவங்களப் பாக்கப் போறோம். டைம் கெடச்சா வாரேன்லா."

டத்தோ கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து தொட்டியைச் சுற்றி வந்து, என் ஏணிக்குக் கீழே நின்றார்.

"இவங்களுக்கு நான் எவ்ளோ செஞ்சிருக்கேன் தெரியுமா ஒனக்கு?" என்றார். "ஒவ்வொருத்தன் பேரும் தெரியும். புள்ளைங்க பேரு தெரியும், நோய்நொடி தெரியும். எந்த டத்தோ இப்படி வெச்சுக்குறான்? ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாங்க பாரு."

கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்தது. நடிப்பு என்று முதலில் நினைத்தேன். நடிப்பதற்கு அங்கே யாரும் இல்லை, என்னை அவர் ஓர் ஆளாகக் கணக்கில் எடுத்ததே கிடையாது. உண்மையாகவே அழுதார். அந்த ஆட்களைத் தான் நேசித்ததாகவும் அவர்கள் தன்னைக் கைவிட்டதாகவும் மனதார நம்பினார்.

துடைத்துக்கொள்ள ஏதாவது கொடு என்பதுபோல, முகத்தைத் தூக்காமலே கையை மேலே நீட்டினார். என் கையில் இருந்ததைக் கொடுத்தேன். கண்ணையும் மூக்கையும் அழுத்தித் துடைத்தார். கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்று விழுந்தது. பிறகு துணியைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

காலையிலிருந்து அந்தத் துணியால்தான் பூஞ்சையை வழித்துக்கொண்டிருந்தேன், ஒரு அருவருப்பும் இல்லாமல். இப்போது அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை. அவர் கையிலேயே விட்டுவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி வெளியே வந்தேன்.